சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே

நகரத் திட்ட அலுவலகம் முழக்கோலுக்குத் தரவேண்டியிருந்தது பதினோராயிரத்து நானூற்று எண்பது. நாளைக்கு நாற்பது வீதம் இருநூற்று எண்பத்தேழு நாள். பெருக்கிப் பார்த்தாலும் அதுதான், மாதம் மாதமாகக் கூட்டிப் பார்த்தாலும் அதுதான். அவர் இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டார். நாற்பத்து நாலாம் வயதில் எழுத்தும் எண்ணும் கற்றவர். எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிற பழக்கம் அவருக்கு வரவில்லை.

முழக்கோல் என்பது அலுவலகம் வைத்த பெயர். ஆள் ஒல்லி, நெட்டை. இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த வேலையும் கோல் பிடிப்பது. நிலத்தின் மேடு பள்ளம் அளக்கிறவர் கருவிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். தூரத்தில் ஒருவன் எண் போட்ட கோலைச் சாயாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒருவன் இவர். பேருந்து நிலையம் வரப்போகிறது என்று ஒரு பொட்டலில் மூன்று மாதம் நின்றார். நிலையம் வந்தது, பேருந்து வரவில்லை. ஊரைச் சுற்றிச் சாலை என்று ஒரு வெயில் காலம் முழுக்க நின்றார். சாலை பாதி சுற்றி, ஒரு சதுப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தக் காலத்து அதிகாரிகளுக்கெல்லாம் முப்பது வருடம் கழித்து ஊர் எப்படி இருக்கும் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி. கனி மட்டும் ஒருநாளும் கைக்கு வந்ததில்லை.

அதனால்தான் புதிதாக வந்த திட்டக்கார அம்மாளை அவருக்குப் பிடித்துப்போனது. முப்பது வயதுக்குமேல் இருக்காது. முதல் கூட்டத்திலேயே பெரிய வரைபடத்தின் முன்னால் நின்று, இனிமேல் மழை கூடுமா குறையுமா, ஊருக்கு ஆள் வருவார்களா போவார்களா, எதுவும் தனக்குத் தெரியாது என்று சொன்னாள். நாற்காலி எடுத்துப் போட வந்த முழக்கோல் சுவரோரமாக நின்றுவிட்டார். தெரியாது என்று வாய்விட்டுச் சொன்ன அதிகாரியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அவள் சொன்ன வழி எளிமையானது. தெரியாததைத் தெரிந்த மாதிரி நினைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் கட்டிப் போடவேண்டாம். எல்லா வழியையும் திறந்தே வைப்போம். எந்த வழியில் போகவேண்டும் என்று காட்ட, அங்கங்கே அடையாளம் நட்டு, அதைத் தினமும் பார்த்து எழுதிக்கொண்டு வருவோம். அடையாளம் சொன்னால் வேலையைத் தொடங்குவோம், சொல்லாவிட்டால் காசை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்வோம். வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். வருமா என்று பார்த்துவிட்டுப் போடு என்றாள் இவள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அப்படி ஓர் அடையாளம் முழக்கோலின் சந்து முனையில் இருக்கிற சிறுபாலத்துக்கு வந்தது. ஆளுயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக, எண் போட்ட வெள்ளைத் தகடு. நூற்று அறுபது சென்டிமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு. தகட்டை நான்கு போல்ட் போட்டு முடுக்கியவர் முழக்கோலேதான். காலை ஏழு மணிக்குத் தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறதோ அதை நோட்டில் எழுத வேண்டும். வருடத்தில் மூன்று நாள் சிவப்புக் கோட்டைத் தொட்டால், அந்தச் சந்துக்கென்று கட்டி வைத்திருக்கும் இரண்டு கோப்புகளில் ஒன்று திறக்கும். ஒன்றில் பெரிய வடிகால். மற்றதில், சந்தில் இருக்கிற நாற்பத்தாறு வீட்டையும் தூக்கிப் பழைய கல்குவாரிப் பக்கம் கொண்டுபோய் வைப்பது.

எழுதுவதற்கு யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, முழக்கோலுக்கே எழுதத் தெரியுமே, வீடும் பாலத்துக்கு மூன்றாவது வீடு, பேருந்துக் காசு மிச்சம் என்றார்கள். திட்டக்கார அம்மாளுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கோல் பிடிக்கிற வேலைக்கு ஆளே வேண்டாம் என்று கருவி வந்துவிட்டிருந்த நேரம். நாளைக்கு நாற்பது என்றார்கள். அவர் சரி என்றார்.

முதல் எழுபத்தெட்டு நாளுக்குக் காசு வந்தது. அப்புறம் நின்றுபோனது.

கணக்குப் பிரிவில் கணக்கர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான், கையில்தான் ஒன்றும் இல்லை. இந்த அளவெடுப்புச் செலவு எந்தத் தலைப்பில் வரும் என்று மேலே கேட்டிருப்பதாகவும், திட்டம் கடைசி ஒப்புதல் ஆனதும் மொத்தமாக வரும் என்றும் ஒவ்வொரு மாதமும் சொன்னார். ஒப்புதல் எப்போது என்றால், நோட்டு முடிந்ததும். நோட்டு எப்போது முடியும் என்றால், வருடம் முடிந்ததும்.

வீட்டில் அந்தக் காசுக்கு ஏற்கெனவே வேலை கொடுத்தாகிவிட்டது. மனைவி அட்டைப் பெட்டி ஒட்டுகிறவள். கட்டுக் கட்டாக அட்டை வந்து இறங்கும், ஒட்டி அடுக்கினால் வாரக் கடைசியில் வண்டி வந்து எடுத்துப் போகும். மழை பெய்தால் தரை ஊறும், அட்டை கூழாகும், கூழானதற்குக் கம்பெனிக்காரன் இவளிடமே பிடிப்பான். மழைக்காலத்தில் கட்டிலில் அட்டை படுத்திருக்கும், புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருப்பார்கள். தரையை ஒரு முழம் உயர்த்திக் கொடுக்க மேஸ்திரி பதினோராயிரம் கேட்டார். மிச்சம் நானூற்று எண்பதில் இரண்டு பலகை வாங்கவேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். தரை உயர்ந்தால் பிழைப்பு நிற்கும், உயராவிட்டால் பெட்டி வேலை போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

ஐந்தாம் மாதம் இரண்டு கோப்பு விஷயம் சந்துக்குத் தெரிந்துபோனது. தெரிய வைத்தது மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி. சந்துக்குள் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். பட்டறையில் ஆட்களைக் கூட்டி, முழக்கோலையும் ஒரு டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தான். கல்குவாரிப் பக்கம் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும், அங்கே யார் வந்து கேட் வெல்டிங் பண்ணக் கேட்பார்கள், யார் அட்டை கொண்டுவந்து இறக்குவார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். முழக்கோல் வடிகால் கோப்பும் இருக்கிறதே என்றார்.

"எது தெறக்கும்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது மாப்ள."

"அந்தம்மாவுக்கு?"

முழக்கோல் காலடியில் கிடந்த வெல்டிங் குச்சியைக் காலால் உருட்டினார்.

"அப்ப கோட்டத் தொட்டாத்தான வம்பு. ஒரு வெரக்கட கீழ எழுதிட்டுப் போங்க. தலைக்கு மேல போனா சாணென்ன முழமென்னம்பாங்க, நமக்கு கால் நனையறதே பழக்கந்தான."

பட்டறை சிரித்தது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், மனைவி வேறு பாட்டுப் பாடினாள். தண்ணீர் வந்தால் வந்தது என்று எழுத என்ன பயம், வடிகால் வராமல் குவாரிக்கே போகவேண்டி வந்தாலும் வரட்டும், பொய் எழுதி வாங்குகிற தரை நிலைக்காது என்றாள். தம்பியைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றவர், நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று அலுவலகம் போனார். திட்டக்கார அம்மாள் அவரை உட்காரச் சொல்லி, மறைக்காமல் சொன்னாள்.

"அது இப்ப முடிவாகலண்ணே. அன்னிக்குக் காசு எவ்வளவு இருக்கு, மேல யார் இருக்காங்க, அத வச்சுத்தான். வடிகாலா இருக்கலாம், குவாரியா இருக்கலாம். உண்மையிலேயே தெரியாது."

அதே சொல்தான். கூட்டத்தில் கேட்டபோது இனித்தது, இப்போது வாயில் மண்ணைப் போட்ட மாதிரி இருந்தது. அவளுடைய தெரியாதது வரைபடத்தில் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. இவருடைய தெரியாதது நாற்பத்தாறு வீட்டின் வாசலில் காது கொடுத்துக்கொண்டு நின்றது.

இறங்கி வரும்போது கணக்கர் கூப்பிட்டு, ரகசியம் போல ஒன்று சொன்னார். சிவப்பு விழாமல் நோட்டு முடிந்தால் விஷயம் அங்கேயே முடியும், பாக்கியும் கைக்கு வரும். சிவப்பு விழுந்தால் எல்லாம் மேல்குழுவுக்குப் போகும், இவர் காசும் அதோடு சேர்ந்து போகும், மேல்குழு எப்போது கூடும் என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம். அவர் உபகாரமாகத்தான் சொன்னார். உபகாரம்தான் எப்போதும் ஆளைச் சாய்க்கிறது.

மழை எட்டாம் மாதம் பிடித்தது. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு முழக்கோல் பாலத்துக்குப் போனார். தண்ணீர் நூற்று அறுபத்து மூன்றில் நின்றது. சிவப்புக் கோடு தண்ணீருக்குள் மங்கலாகத் தெரிந்தது. திரும்பி வந்து, கணுக்கால் தண்ணீர் நிற்கிற தன் வீட்டில், அட்டைக் கட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கட்டிலில் இடம்பண்ணி உட்கார்ந்து, நோட்டைத் தொடையில் வைத்து எழுதினார். நூற்று ஐம்பத்தெட்டு. எண்ணாலும் எழுதி, எழுத்தாலும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். மனைவி பாத்திரத்தால் தண்ணீரை வாரி வாசலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவர் நோட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த மழைக்காலத்தில் அப்படி மூன்று காலை வந்தது. நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று ஐம்பத்தொன்பது, நூற்று ஐம்பத்தேழு. ஒரே எண்ணாக எழுதினால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றி எழுதினார். பொய்க்கும் ஒரு மேடு பள்ளம் வேண்டுமல்லவா, அதைத்தானே இருபத்திரண்டு வருடம் பிடித்துக்கொண்டு நின்றார்.

வருடம் முடிந்து திட்டக்கார அம்மாள் பாலத்துக்கு வந்தாள். தகட்டையும் சுவரையும் பார்த்தாள். சுவரில் கறை இருந்த இடத்தில் மைத்துனன் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான். எட்டாம் மாதம் மழை நிறைய என்று மழைக்கணக்கு காட்டுகிறதே, இங்கே மட்டும் கோட்டுக்குக் கீழேயே நின்றிருக்கிறதே என்று கேட்டாள். தகடு சொன்னதைத்தான் எழுதினேன் என்றார் முழக்கோல். அவள் நோட்டை ஒரு தடவை புரட்டி, "நீங்க எழுதினா சரியாத்தாண்ணே இருக்கும்" என்று மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக நடந்தது, திட்டத்தில் எழுதியபடியே நடந்தது. வரைபடத்தில் சந்துக்குக் கவலையில்லாத நிறம் அடித்தார்கள். வடிகாலுக்கு ஒதுக்கிய காசு ஊரின் மறுபக்கம் போனது. சந்துக்குத் தண்ணீர்ப் பயம் இல்லை என்றாகிவிட்டதால், முன்னால் இருந்த சாலையை அகலமாக்கி ஒன்றரை முழம் உயர்த்தினார்கள். பாலத்தின் அடியில் இருந்த பழைய குழாயை மாற்றவில்லை, மாற்றச் சொல்லும் எண் எந்த நோட்டிலும் இல்லை. தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பாலத்துச் சுவரில் நான்கு போல்ட் ஓட்டை மிச்சம். நாற்பத்தாறு வீடும் சாலைக்குக் கீழே கிண்ணத்துக்குள் உட்கார்ந்த மாதிரி ஆனது. பாக்கி மட்டும் இன்னும் வரவில்லை. வரும் என்றார் கணக்கர்.

அடுத்த மழை அவ்வளவு பெரிய மழைகூட இல்லை. ஆனால் போக வழியில்லாத தண்ணீர் எங்கே போகும். காலை ஏழு மணிக்கு, கழுத்தில் கட்டிப்போட்ட பழக்கம் போல, முழக்கோல் பாலத்துக்குப் போனார். மேல் போல்ட் ஓட்டை இரண்டும் தண்ணீருக்குள். அந்த ஓட்டை இருநூறில் இருந்தது என்று உலகத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அளந்து எழுதத் தகடு இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. வீட்டில் கட்டில் மிதந்தது. ஒட்டி அடுக்கிய எண்ணூறு பெட்டி கூழானது. கம்பெனிக்காரன் வண்டியைச் சாலை மேட்டிலேயே நிறுத்தி, எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் வேலை இந்தப் பக்கம் இல்லை என்று சொல்லிப் போனான்.

சந்து மொத்தமும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தது. மூன்று வாரத்தில் பதில் வந்தது. இந்த இடத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டதில்லை என்றும், சந்தைச் சேர்ந்த ஒருவரே எழுதிய அளவுகள் இணைக்கப்பட்டிருக்கின்றன என்றும் இருந்தது. பின்னால், நோட்டில் அளவு அதிகமாக இருந்த மூன்று பக்கங்களின் நகல். நாற்பத்து நாலு வயதுக்கு மேல் படிந்த குண்டு குண்டு எழுத்து, கோட்டைவிட்டு இறங்காத எழுத்து. ஒவ்வொன்றின் கீழும் அவர் கையெழுத்து.

மைத்துனன் அதைப் பட்டறைக் கதவில் ஒட்டினான். ஒட்டிவிட்டு, ஆட்கள் கூடியிருக்கும்போதே கேட்டான்.

"யாரக் கேட்டு மாமா இப்படி எழுதினீங்க? தண்ணி வீட்டுக்குள்ள நிக்கிறப்ப இல்லன்னு எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்துச்சு?"

முழக்கோல் அவன் முகத்தைப் பார்த்தார். பட்டறையில் அன்றைக்குச் சிரித்தவர்கள் முகத்தையும் பார்த்தார். ஒருவருக்கும் அந்த டின் ஞாபகம் இல்லை. வேலி பயிரை மேய்ந்துவிட்டது என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அவர் கதவிலிருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி சேறு வழித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, படியுங்கள் என்றாள். அவர் பதிலைப் படித்தார். அதை இல்லை, பின்னால் இருப்பதைப் படியுங்கள் என்றாள். அவர் படித்தார். எட்டாம் மாதம், பத்தொன்பதாம் தேதி, காலை ஏழு மணி, நூற்று ஐம்பத்தெட்டு. மூன்று பக்கத்தையும் அவள் படிக்க வைத்தாள்.

"அன்னிக்கு நான் இதே எடத்துல நின்னுதான் தண்ணி எறச்சேன்."

"தெரியும்."

"இத எழுதத்தானா அந்த வயசுல போய்ப் படிச்சீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். திரும்பிப் போய்ச் சேற்றை வழித்தாள். மேஸ்திரி நாளை வந்து தரை வேலை உண்டா என்று கடைசியாகக் கேட்பார் என்பதையும் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் அவர் அலுவலகம் போனார். என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெளிவாக இல்லை. படியேறுகிறதற்குள் கணக்கர் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாய்யா முழக்கோல். உனக்கே ஆள் அனுப்பணும்னு இருந்தேன். ஒப்புதல் ஆயிருச்சு, மொத்தமும் வந்திருச்சு. ஒரு கையெழுத்து, அப்படியே வாங்கிட்டுப் போ."

ரசீதில் பதினோராயிரத்து நானூற்று எண்பது என்று எண்ணாலும் எழுத்தாலும் இருந்தது. முழக்கோல் பேனாவை வாங்கினார். கைநாட்டாகவே இருந்திருந்தால் பெருவிரலை உருட்டிவிட்டு வந்திருப்பார். படித்துப் பார்க்கிற பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. தொகைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: மேற்கண்ட நாட்களில் என்னால் எடுக்கப்பட்ட அளவுகள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன். அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

திட்டக்கார அம்மாளிடம் நின்றபடியே சொன்னார். நூற்று அறுபத்து மூன்று, நூற்று அறுபத்தைந்து, நூற்று அறுபத்தொன்று. எதுவும் மறக்கவில்லை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கே பிடிபட்டிருக்க வேண்டும். அங்கேயே குடியிருக்கிறவர், அதுவும் சம்பளம் வராதவர், அவர் கையில் நோட்டைக் கொடுத்தது யார் என்று தன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆகவேண்டியதைச் சொன்னாள். அவர் எழுதிக் கொடுத்தால் அந்த வருடத்து அளவு செல்லாது. சந்து மறுபடியும் பார்க்கவேண்டிய இடம் என்ற நிறத்துக்கு வரும். புதிதாகத் தகடு வைத்து ஒரு வருடம் அளக்க வேண்டும். இந்தத் தடவை எழுத ஊரின் மறுகோடியிலிருந்து ஓர் ஆள் வருவான், பேருந்துக் காசோடு நாளைக்கு எண்பது, மாதா மாதம் முதல் தேதியில். சாலையை இனி இறக்க முடியாது.

"உங்க பாக்கி வராதுண்ணே. பொய் அளவுக்குப் பணம் குடுக்க விதி இல்ல."

"சரிம்மா. எழுதிக் குடுத்தா எந்தக் கோப்பு தெறக்கும்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

முழக்கோல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். ஐந்து வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று தேதி, மூன்று எண், எண்ணாலும் எழுத்தாலும். யார் சொல்லி எழுதினேன் என்று எழுதவில்லை. பட்டறைக்காரன் பெயரை எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது, கை தன்னுடையதுதானே. காசுக்காக எழுதினேன் என்று ஒரு வரி எழுதினார். பயத்தில் எழுதினேன் என்று இன்னொரு வரி. இரண்டும் உண்மை.

கீழே வந்ததும் கணக்கர் அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, அவரை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஒரு வருடம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த காசு, வாசல் வரை வந்ததைக் காலால் எத்துகிறாயே என்றார். வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்றார். முழக்கோல், மேஸ்திரி இந்நேரம் வந்திருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

கணக்கர் பெருமூச்சு விட்டு, ரசீதை இழுத்து வைத்து, தொகையின் மேல் கோடு போட்டு, ஓரத்தில் ரத்து என்று எழுதி முத்திரை குத்தினார்.

"அவ்வளவுதான்யா. ஆபீஸ் உனக்கு இனி ஒரு காசு தரவேண்டியதில்ல."

முழக்கோல் ரசீதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். எண்ணின் மேல் ஒரு கோடு. எழுத்தின் மேல் ஒரு கோடு. இரண்டும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படியிறங்கினார்.